உயர்தரப் பெறுபேறு கைகொடுக்கவில்லையா? பொறியியலுக்கு இன்னும் வழி இருக்கிறது: மலையக மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கணிதப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கும் எட்டவில்லை, பேராதனைக்கும் எட்டவில்லை. "இனி என்ன செய்யப் போற?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் சொல்லிக் கொடுக்க அந்த லயத்தில் இதற்கு முன் கெம்பஸ் போனவர் யாரும் இல்லை. உயர்தரப் பெறுபேறு வரும் கிழமையில் மலையகத்தில் பல வீடுகளின் நிலைமை இதுதான். இந்த வழிகாட்டி அந்தப் பிள்ளைக்கும், கூடவே தவித்து நிற்கும் அம்மா அப்பாவுக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த புள்ளியால் பொறியியலை இழந்த பிள்ளைகளை விட, விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிட்டு இழந்த பிள்ளைகளே நம்மிடம் அதிகம் என்று நான் நம்புகிறேன். பொறியியலுக்குப் போகும் வழிகள் பல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி விளம்பரம், தனி விண்ணப்பம், தனித் திகதி. ஒன்றின் முடிவைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போடலாம் என்று காத்திருந்தால் மற்றவை மூடிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த எண்ணத்தோடு வாசியுங்கள்.

படி 1: இசட் புள்ளியைச் சரியாக வாசியுங்கள்

ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து, அந்த வருடம் அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, மீதியை நியம விலகலால் (எல்லோரின் புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் இப்படி வருவதைக் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இசட் புள்ளி. உதாரணமாக, சராசரி 40, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். 55 எடுத்தவருக்கு அந்தப் பாடத்தில் 1.0. 40 எடுத்தவருக்கு 0. 34 எடுத்தவருக்கு கழித்தல் 0.4.

ஆகவே 0.5 என்று வந்ததைப் பார்த்து "அரைப் புள்ளிதான் கிடைச்சிருக்கு" என்று அழ வேண்டாம். நாடு முழுவதும் கணிதப் பிரிவில் எழுதியவர்களின் சராசரிக்கு மேலே நிற்கிறீர்கள் என்பதே அதன் பொருள். இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இல்லாமல், சனி ஞாயிறில் பஸ் ஏறி டவுனுக்கு வகுப்புக்குப் போய்ப் படித்த பிள்ளை அங்கே நிற்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து, உங்கள் மாவட்டத்தைப் பாருங்கள். பொறியியல் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 சதவீதம் சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படும். மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை அந்த 16க்குள் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை நம் பெற்றோர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது பிறந்த தோட்டத்தைப் பார்ப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதே முதலில் பார்க்கப்படும். தலவாக்கலையில் வீடு இருந்தும் கண்டிப் பாடசாலையில் அந்த வருடங்களைக் கழித்த பிள்ளை கண்டி வெட்டுப்புள்ளியோடுதான் (இடம் கிடைத்த கடைசி ஆளின் இசட் புள்ளி) போட்டியிட நேரலாம். உயர்தரத்துக்கு மட்டும் பாடசாலை மாறியவர்கள் மாணவர் கையேட்டில் இந்தப் பகுதியை வரிக்கு வரி வாசியுங்கள். தம்பி தங்கச்சிமாரைப் பாடசாலை மாற்றும் முன்னும் யோசியுங்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாவட்ட வாரியாக, பாடநெறி வாரியாக வெட்டுப்புள்ளிகளை வெளியிடும். கடைசி இரண்டு மூன்று வருட அட்டவணைகளை எடுத்து, உங்கள் மாவட்ட நிரலில் விரலை வைத்துக் கீழே இறங்குங்கள். கொழும்பு நிரலைப் பார்த்து மனம் உடைந்துபோன நுவரெலியாப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

படி 2: மீள்திருத்தம் தேவையா?

வெட்டுப்புள்ளிக்கு மிக நெருக்கமாக நின்றாலோ, ஒரு பாடத்தில் மட்டும் எதிர்பார்ப்புக்குச் சம்பந்தமே இல்லாத பெறுபேறு வந்திருந்தாலோ விடைத்தாள் மீள்திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். பரீட்சைத் திணைக்களம் தரும் கால அவகாசம் குறுகியது. ஆனால் மீள்திருத்த முடிவை நம்பி மற்ற விண்ணப்பங்களைத் தள்ளிப் போடாதீர்கள்.

படி 3: பத்திரங்களை இப்போதே சரிபாருங்கள்

இது சாதாரண வேலை மாதிரித் தெரியும். தோட்டப் பிள்ளைகள் அதிகம் அலைவது இதற்காகத்தான்.

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், நான்கையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் பல நேரம் சிங்களத்தில் இருக்கும். அதில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவேட்டில் இன்னொரு மாதிரி, அடையாள அட்டையின் ஆங்கில எழுத்துக் கூட்டல் மூன்றாவது மாதிரி. விண்ணப்பத்தின்போது யாரும் கேட்காமல் விடலாம். பதிவு செய்யும் நாளில் பல்கலைக்கழகக் கருமபீடத்தில் அது பெரிய தலைவலியாக எழும்பும். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவுப் பகுதிக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். தேவையென்றால் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நான்கைந்து பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது முகவரி. பல தோட்டங்களில் லயத்துக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கே கட்டோடு கிடந்து, யாரோ ஒருவர் கையில் வீட்டுக்கு வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்த பிறகு கைக்கு வந்தால் யாரிடம் போய் முறையிடுவது? ஆகவே கடிதம் தவறாமல் சேரும் முகவரியைக் கொடுங்கள்: டவுனில் உள்ள உறவினர் வீடு, தெரிந்த கடை. சொந்த மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள். கொமினிகேஷன் கடைக்காரரின் மின்னஞ்சலையோ தொலைபேசி இலக்கத்தையோ கொடுத்து விண்ணப்பிக்கவே வேண்டாம். விண்ணப்பம் போட்ட பிறகு சிம் மாற்றவும் வேண்டாம்.

படி 4: மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பம்

புள்ளி குறைவு என்று நினைத்து இதற்கு விண்ணப்பிக்காமலே விடுவதுதான் மிகப் பெரிய இழப்பு. மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் (சாதாரண) சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் இருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி இருக்கிறது. விண்ணப்பியுங்கள்.

இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படித்தவர்களுக்குப் பொறியியல் பாடநெறி மொறட்டுவை, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, யாழ்ப்பாணம், தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சியில், தென்கிழக்கின் பீடம் ஒலுவிலில். பேராதனை வீட்டுக்குப் பக்கம் என்பதால் மலையகப் பிள்ளைகள் பலர் மனதில் அது ஒன்றே நிற்கிறது. அதற்குப் புள்ளி போதவில்லை என்றால் கிளிநொச்சியையும் ஒலுவிலையும் கட்டாயம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரம்தான். ஆனால் அங்கேயும் கிடைப்பது அரச பல்கலைக்கழகப் பொறியியல் பட்டம்தான்.

அதற்கும் எட்டாவிட்டால் பொறியியலுக்கு அண்டை வீடான பாடநெறிகள் இருக்கின்றன. சபரகமுவ பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானம், பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் கனிய வளத் தொழில்நுட்பம், மொறட்டுவையில் நகர, கிராமியத் திட்டமிடல், போக்குவரத்து முகாமை, புடவைத் தொழில்நுட்பம், இவை தவிர பல இடங்களில் பௌதிக விஞ்ஞானமும் தகவல் தொழில்நுட்பமும். கணினி விஞ்ஞானமும் கணிய அளவையியலும் (கட்டுமானத்தின் அளவையும் செலவையும் கணிக்கும் துறை) சுலபமாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அவற்றின் வெட்டுப்புள்ளியும் உயரம்தான். நில அளவையை நான் தனியாகச் சொல்வேன். மலைநாட்டில் காணி, வீதி, அணை, சரிவு என்று எதைத் தொட்டாலும் அளவையாளர் தேவை.

இப்போது விருப்பு வரிசை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒரு யூனிகோட் இலக்கம் உண்டு. அதே பொறியியல், ஆனால் மொறட்டுவைக்கு ஒரு இலக்கம், ஒலுவிலுக்கு வேறு இலக்கம். உங்கள் இசட் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில், உங்கள் பட்டியலில் மேலே இருப்பதைத்தான் தருவார்கள். பேராதனைப் பொறியியலை முதலாவதாகப் போட்டதால் ஏழாவதாகப் போட்ட நில அளவை கை நழுவாது. "கிடைக்காததை மேலே போட்டால் எல்லாம் போய்விடும்" என்று பயமுறுத்துவோர் இந்த முறையைப் புரிந்துகொள்ளாதவர்கள். உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே எழுதுங்கள். போக மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த பாடநெறியை மட்டும் எழுத வேண்டாம். ஒரு பாடநெறிக்குப் பதிவு செய்துவிட்டால், பிறகு மறுபடி பரீட்சை எழுதி வேறொன்றுக்கு வரும் உரிமை பெரும்பாலும் போய்விடும்.

பட்டியலை வீட்டிலேயே ஒரு கொப்பித் தாளில் எழுதி முடியுங்கள். இடப்பக்கம் வரிசை எண், நடுவில் பாடநெறியும் பல்கலைக்கழகமும், வலப்பக்கம் யூனிகோட், அதற்குப் பக்கத்தில் உங்கள் மாவட்டத்தின் கடந்த வருட வெட்டுப்புள்ளி. அந்தத் தாளோடு ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கொமினிகேஷன் கடைக்குப் போங்கள். கடைக்காரத் தம்பி வேகமாக டைப் பண்ணுவார், பின்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்பார்கள், "இதையும் போடவா அக்கா?" என்று கேட்பார். தாளில் இல்லாத எதையும் போட விடாதீர்கள். சமர்ப்பிக்கும் முன் திரையில் உள்ள இலக்கங்களைத் தாளில் உள்ளவற்றோடு ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துச் சரிபாருங்கள். பிறகு அச்செடுத்து, அதிபரின் உறுதிப்படுத்தலோடு, கேட்டபடி அனுப்பி, பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கட்டடக்கலை, வடிவமைப்பு போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகமே தனியாக விண்ணப்பம் கோரும். அதை எழுதாமல் யூனிகோட்டை மட்டும் போட்டுப் பயன் இல்லை.

தொழில்நுட்பப் பிரிவில் எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கான வழி பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். அதற்குக் கணிதப் பிரிவார் போட முடியாது, அவர்களின் பொறியியலுக்கு நீங்கள் போட முடியாது. மற்றபடி வரிசை, பத்திரம், திகதி எல்லாம் ஒன்றுதான்.

படி 5: டிப்ளோமா வழி

இந்தப் பகுதிதான் நம் பிள்ளைகளுக்கு மிகவும் தேவை, நம் பாடசாலைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். பட்டம் இல்லாவிட்டால் பொறியியலே இல்லை என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள்.

முதலாவது, தொழில்நுட்பத்தில் தேசிய டிப்ளோமா. எல்லோரும் என்.டி.டி. என்றே சொல்வார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் ஹோமாகம தியகமவில் நடத்துகிறது. மூன்று வருடம், அதில் தொழிற்சாலைப் பயிற்சியும் அடக்கம். குடிசார், மின், இயந்திர, இலத்திரனியல், இரசாயன, பலபகுதியம் (பொலிமர்), புடவை, கடல்சார் என்று பல துறைகள். கணிதப் பிரிவில் சித்தியடைந்து, பல்கலைக்கழகப் பொறியியலுக்குக் கொஞ்சம் தவறியவருக்கு நான் முதலில் காட்டும் வழி இது. தொழிற்சாலைகளும் அரச திணைக்களங்களும் இந்த டிப்ளோமாவை நன்றாக அறியும்.

இரண்டாவது, பொறியியலில் உயர் தேசிய டிப்ளோமா, எச்.என்.டி.இ. இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் கீழ் கொழும்பு மட்டக்குளியிலும் காலி லபுதூவவிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கலாம். குடிசார், மின், இயந்திரம் ஆகியவை முக்கிய துறைகள். தூர இடங்களில் தனியே இருந்து படிப்பதற்குத் தயங்கும் பிள்ளைக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு, தமிழ்ச் சூழல் உள்ள யாழ்ப்பாணம் ஆறுதலாக இருக்கலாம்.

மூன்றாவது, பொறியியல் விஞ்ஞானத்தில் தேசிய டிப்ளோமா, என்.டி.இ.எஸ். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் கீழ் கட்டுநாயக்கவில் உள்ள பொறியியல் தொழில்நுட்ப நிறுவகம் நடத்துகிறது. கையால் வேலை செய்து கற்கும் பங்கு இங்கே கூடுதல்.

இந்த மூன்றும் தனித்தனியாக விண்ணப்பம் கோரும். மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் இவை வராது. பெறுபேறு வந்த நாளிலிருந்து கிழமைக்கு ஒரு நாளை ஒதுக்கி மூன்று நிறுவகங்களின் இணையத்தளங்களையும் பாருங்கள். ஞாயிறு பத்திரிகை விளம்பரங்களையும் பாருங்கள். பல அறிவித்தல்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான் முதலில் கண்ணில் படும். பதிவு செய்வதற்கு முன் ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: "இதில் சேர்ந்த பிறகு ஆணைக்குழு எனக்குப் பல்கலைக்கழக இடம் தந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

டிப்ளோமா முடித்தவர்கள் நீர்ப்பாசனம், வீதி அபிவிருத்தி, நீர்வழங்கல், மின்சாரம் போன்ற அரச துறைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொறியியல் உதவியாளர் போன்ற பதவிகளுக்குப் போகலாம். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைப் பொறியியல் பேரவை பட்டதாரிகளை மட்டும் பதிவு செய்வதில்லை. டிப்ளோமாதாரர்களுக்கும் தனி வகுதி இருக்கிறது. மேலே படிக்க விரும்பினால் திறந்த பல்கலைக்கழகத்தில் பாட விலக்கு கேட்டுப் பட்டத்தைத் தொடரலாம்.

நோட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் விமலசுரேந்திர மின்நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். லக்ஷபானவில் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்த டி.ஜே. விமலசுரேந்திரவின் பெயர்தான் அது. அவருடைய பொறியியல் படிப்பு தொடங்கியது கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில். நம் தோட்டங்களின் நடுவிலேயே ஓடும் ஆறுகளின் மீது அவர் கண்ட கனவு அது.

உயர்தரத்தில் ஒரு பாடம் போய்விட்டால்? தேசிய தொழில்சார் தகைமை, அதாவது என்.வி.கியூ. வழி திறந்திருக்கிறது. மொத்தம் 7 மட்டங்கள். மட்டம் 5, 6 டிப்ளோமாக்கள், மட்டம் 7 பட்டம். கண்டியிலும் பதுளையிலும் உள்ள தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஆரம்பித்து, இரத்மலானையில் உள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை ஏறலாம். நேரம் கூடுதலாக எடுக்கும். ஆனால் இடையில் எந்த மட்டத்தில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

படி 6: இரண்டாம் தரம் எழுதுவதா?

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறை தோற்றலாம். ஆனால் ஒரு தடவை எடுத்த நல்ல பௌதிகவியலையும் மறு தடவை எடுத்த நல்ல இரசாயனவியலையும் சேர்க்க முடியாது. மூன்று பாடமும் ஒரே தடவையில் வர வேண்டும்.

முடிவை மனவேகத்தில் எடுக்க வேண்டாம், கணக்குப் போட்டு எடுங்கள். ஒரு பாடத்தின் நியம விலகல் 15 என்றால், அந்தப் பாடத்தில் 15 புள்ளி கூட எடுத்தால் அந்தப் பாடத்தின் இசட் 1 கூடும். மொத்த இசட் புள்ளி மூன்றில் ஒன்று, அதாவது 0.33 கூடும். உங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு 0.3 தான் குறைவு, அதுவும் ஒரு பாடம் மட்டும்தான் கீழே இழுத்தது, அதற்குக் காரணமும் தெரியும் (ஆசிரியர் இல்லை, அலகுகள் முடியவில்லை, காய்ச்சலோடு எழுதினீர்கள்) என்றால் இரண்டாம் தரம் எழுதுவதில் நியாயம் இருக்கிறது. மூன்று பாடமும் ஒரே அளவில் குறைந்து, வெட்டுப்புள்ளி 0.8, 0.9 தூரத்தில் இருந்தால், அதே வகுப்பு, அதே நோட்ஸ் என்று இன்னொரு வருடம் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த வருடத்தில் டிப்ளோமாவில் ஒரு வருடம் முன்னேறியிருக்கலாம்.

எழுதுவதென்றால் முறையை மாற்றுங்கள். புதிய நோட்ஸ் சேகரிப்பதை நிறுத்தி, கடந்த வருட வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதி, பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். இணைந்த கணிதத்தில் விடை தெரிந்தும் படிகளை விட்டதால் புள்ளி போகிறது என்பதை அப்போதுதான் காண்பீர்கள். மூன்றாம் தரத்தைப் பற்றி என் கருத்து கடுமையானது: வேறொரு பாடநெறிக்கும் விண்ணப்பிக்காமல் மூன்றாம் தரத்தை மட்டும் நம்பி வீட்டில் உட்கார வேண்டாம்.

படி 7: திறந்த பல்கலைக்கழகம்

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அரச பல்கலைக்கழகம். அதன் பொறியியல் தொழில்நுட்ப பீடம் வழங்கும் பொறியியல் பட்டத்துக்கு இசட் புள்ளிப் போட்டி இல்லை, தகுதியான உயர்தரச் சித்திகள் போதும். கட்டணம் உண்டு, ஆனால் தனியார் நிறுவனங்களை விடக் குறைவு. கண்டி பொல்கொல்லையிலும் பதுளையிலும் பிராந்திய நிலையங்கள் இருப்பதால் மலையகத்திலிருந்தே தொடங்கலாம். ஆய்வுகூட வேலைகளுக்கு நாவலைக்குப் போய்வர வேண்டி வரும்.

வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்பது இதன் பலம். அதுவே பலவீனமும்கூட. தினமும் யாரும் வந்து படி என்று சொல்ல மாட்டார்கள். ஒப்படைத் திகதி ஒன்று தவறினால் அடுத்தது தவறும், நான்கு வருடப் பட்டம் ஏழாக நீளும். தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு இது மிகச் சிறந்த வழி.

படி 8: காசு கட்டும் கெம்பஸ்: நகையை எடுக்கும் முன்

பெறுபேறு வந்ததும் தொலைபேசிக்கு அழைப்புகள் வரும். ஹோட்டல் மண்டபத்தில் கருத்தரங்கு வைப்பார்கள், "இன்றைக்குப் பதிந்தால் கழிவு" என்பார்கள். அன்றைக்குப் பதியாதீர்கள். எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும் ஒரு கிழமை பொறுத்துப் பதிவதால் எதுவும் குடிமுழுகாது.

தனியார் பொறியியல் பட்டங்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை, மாலபே போன்ற இடங்களில் தரமாக நடப்பவை இருக்கின்றன. ஆனால் மூன்று விஷயங்களை நீங்களே உறுதிப்படுத்த வேண்டும். உள்நாட்டு நிறுவனம் தானே வழங்கும் பட்டம் என்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா? வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? மூன்றாவதுதான் பொறியியலுக்கு உயிர்: இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அந்தப் பட்டத்துக்குத் தராதரம் (தர அங்கீகாரம்) வழங்கியிருக்கிறதா? அந்த நிறுவனம் 2014 முதல், பொறியியல் பட்டங்களை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினர். அது தராதரம் வழங்கிய பட்டத்தை உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளும் மதிக்கும். தராதரம் இல்லாத பட்டத்தோடு பட்டயப் பொறியியலாளராவது (முழுத் தொழில் தகுதி பெறுவது) நீண்ட, கசப்பான வழி. விளம்பரத் தாளில் உள்ள இலச்சினையை நம்ப வேண்டாம், பொறியியலாளர் நிறுவனத்தின் இணையத்தளத்தில் உள்ள பட்டியலில் பட்டத்தின் பெயரையும் துறையையும் வருடத்தையும் தேடிப் பாருங்கள்.

காசுக் கணக்கை முழுமையாகப் போடுங்கள். முதல் தவணைக் கட்டணத்தை மட்டும் பார்த்து இறங்குவது பெரிய ஆபத்து. நான்கு வருடக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், போடிங், சாப்பாடு, பஸ் எல்லாவற்றையும் கூட்டுங்கள். கட்டணத்தில் ஒரு பகுதி டொலரிலோ பவுணிலோ இருக்கிறதா என்று கேளுங்கள். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. ரூபாவில் நாட்சம்பளம் வாங்கும் குடும்பம் அப்படியொரு பாய்ச்சலைத் தாங்காது. அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போய் இரண்டாம் வருடத்தில் படிப்பும் நின்றால், இரண்டும் போய்விடும்.

படி 9: உதவிகளைக் கேட்டு வாங்குங்கள்

அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலுக்கும், அது கிடைக்காவிட்டால் நிதியுதவிக்கும் குறித்த நேரத்தில் விண்ணப்பியுங்கள். விடுதிக்கும் அப்படியே, தூரத்தையும் வருமானத்தையும் காட்டும் பத்திரங்களோடு.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் இருக்கிறது. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் ஊடாகப் புலமைப்பரிசில் வழங்குகிறது. அப்பா அல்லது அம்மா தோட்டத்தில் வேலை செய்வதற்கான உறுதிக் கடிதத்தைத் தோட்டக் காரியாலயத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இந்தியாவில் படிக்க இந்திய அரசு வழங்கும் புலமைப்பரிசில்களில் பொறியியலுக்கும் இடம் உண்டு, அதன் அறிவித்தல் உயர் ஸ்தானிகராலயத்திலிருந்து வரும். அரச அங்கீகாரம் பெற்ற சில தனியார் பட்டங்களுக்கு வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் இருக்கிறது. கடன் கடன்தான் என்றாலும், அடகுக் கடை வட்டியோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு மேல்.

படி 10: காத்திருக்கும் மாதங்கள்

விண்ணப்பங்கள் போட்ட பிறகு வகுப்பு ஆரம்பிக்கப் பல மாதங்கள் செல்லும். மேலே சொன்ன பாடநெறிகளில் பெரும்பாலானவை ஆங்கில மொழியில். தமிழில் "உந்தம்", "முறுக்கம்", "தடை" என்று படித்த பிள்ளை முதல் கிழமையே விரிவுரையில் திகைத்து நிற்கும். திறமை இல்லாததால் அல்ல, சொல் தெரியாததால். உங்கள் உயர்தரப் பௌதிகவியல் நோட்டை எடுத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதுங்கள். ஆங்கில மூல உயர்தர வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கும். நீங்கள் ஏற்கனவே தமிழில் செய்த அதே வினாவை ஆங்கிலத்தில் வாசியுங்கள். விடை தெரிந்த வினா என்பதால் மொழி மட்டும்தான் புதிது.

சிங்களமும் பேசப் பழகுங்கள். ஹோமாகமவிலோ கட்டுநாயக்கவிலோ பயிற்சிக்குப் போனால் தொழிற்சாலைத் தளத்தில் அதுதான் மொழி.

துறையைத் தெரிவு செய்யும் நேரம் வரும்போது வேலை எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் யோசிக்காதீர்கள், நம் மண்ணுக்கு என்ன தேவை என்றும் யோசியுங்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. சரிவின் உறுதியைக் கணிப்பதும், மழைநீரை வடித்து விடுவதும், ஆபத்தான இடத்தில் வீடு கட்ட விடாமல் தடுப்பதும் குடிசார் பொறியியலும் புவித்தொழில்நுட்பமும் படித்தவர்கள் செய்யும் வேலை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை நம் மாவட்டங்களுக்கு மழைக்காலத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தயாரிக்கும் மேசையிலும், தோட்டத்துக்கு வந்து தமிழில் விளக்கிச் சொல்லும் இடத்திலும் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்படுகிறேன். அந்த மேசைக்குப் பட்டத்தோடும் போகலாம், டிப்ளோமாவோடும் போகலாம்.

தெரிவுக் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்த அன்றே அதில் உள்ள பதிவுத் திகதியைப் பாருங்கள். பெரும்பாலும் சில நாட்கள்தான் இருக்கும், அதற்குள் கட்டணம் கட்டி, மருத்துவப் பத்திரம் எடுத்து, பிணையாள் கையொப்பம் கேட்டிருந்தால் அதையும் வாங்க வேண்டும். பிணைக்கு அரச உத்தியோகத்தர் ஒருவர் தேவைப்பட்டால் பாடசாலை அதிபரிடமும் ஆசிரியர்களிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள்.